ஐந்து எலிகளுக்கு ஒரு கையெழுத்து

எங்கள் துறையில் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டும் வேலையை என் தலையில் கட்டியபோது, நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் ஈரலைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு. துறைத் தலைவரான பேராசிரியருக்கு என்னிடம் பிடித்தது என் மூளை அல்ல, என் தொண்டை. "நீ பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்.

ஜனவரியில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். இரண்டு மலாய்க்காரர்கள், இரண்டு சீனர்கள், கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்ப் பெண். ஒரு வாரம் அவர்கள் என் பொறுப்பு. பட்டப்படிப்பு முடித்து வந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பரீட்சை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் தேநீர்ப் பாலை எந்தக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் சொன்னேன். ஸ்டோர் கிராணி என்கிற குமாஸ்தா பத்து மணிக்குத் தேநீர் குடிக்கப் போனால் பதினொன்றுக்குத்தான் வருவார், ஆகவே சோதனைக்குழாய் வேண்டுமென்றால் ஒன்பதே முக்காலுக்கே போய் நில்லுங்கள் என்றேன். இயந்திரங்களுக்கு நேரம் குறிக்கும் புத்தகத்தில் பென்சிலால் எழுதினால் உங்கள் பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் எழுதிவிடுவார் என்றேன். வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று வேண்டுமானால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆய்வேட்டை மலாயில் எழுத வேண்டும், அதனால் பெரிய அகராதியை இன்றைக்கே வாங்கி வையுங்கள். திரவம் எடுக்கும் பிப்பெட் குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். பழைய ஆட்கள் உறிஞ்சுவார்கள், அவர்களுக்கு வந்த மஞ்சள் காமாலையையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஒன்பது பக்கத்தில் தட்டச்சு செய்து, படியெடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன்: எந்தச் சிக்கலாக இருந்தாலும் மறைக்காமல் உடனே வந்து கேளுங்கள். அந்த வரியைப் பேராசிரியர் பாராட்டினார். நானும் அதை இரண்டு முறை உரக்க வாசித்துக் காட்டினேன்.

கிள்ளான் பெண் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மற்ற நால்வரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறி வருவாள், பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுகொண்டே வந்தும் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. நான் கோலாலம்பூரிலேயே பிரிக்பீல்ட்ஸ்காரி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் வீட்டுத் தமிழ் வேறு, அவள் வீட்டுத் தமிழ் வேறு. வெளியே நான் எல்லோரையும் போல அவள் தமிழைத்தான் பேசுவேன், வீட்டுப் படி ஏறியதும் மாறிவிடுவேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவளைப் பார்த்தபோது எனக்குப் பாசமும் வந்தது, கூடவே இவள் நம் மானத்தை வாங்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையும் வந்தது. அந்தக் கவலையை நான் பாசத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அறிமுக வாரத்தின் முக்கியமான பகுதி எலிகள். எங்கள் துறையில் எலி இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. அதற்கு ஒரு பயிற்சித் தாள் உண்டு. அதில் ஐந்து வேலைகள். கடிபடாமல் எலியைப் பிடிப்பது, எடை போடுவது, வயிற்றில் ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, கடைசியாகக் கொல்வது. மயக்க மருந்து கொடுத்தால் ஈரலில் அளக்க வேண்டியதெல்லாம் மாறிவிடும். அதனால் எங்கள் சோதனைகளில் எலியைக் கையால்தான் கொல்ல வேண்டும். கழுத்துக்குப் பின்னால் ஒரு சிறிய இரும்புக் கம்பியை அழுத்தி, வாலின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு. சரியாகச் செய்தால் ஒரு நொடி, எலிக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடும். தயங்கினால்தான் கொடுமை. ஆகவே ஒவ்வொருவரும் ஐந்து எலிகளைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரி முடிவதற்குள் அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் பதிவு ரத்து. இது சட்டத்தில் இருந்தது மட்டுமல்ல, முந்தைய ஆண்டு ஒருவனுக்கு நடந்தும் இருந்தது.

நான்காம் நாள் கொல்லும் பயிற்சி. மற்ற நால்வரும் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, எப்படியோ செய்து முடித்தார்கள். கிள்ளான் பெண் கடைசியில் நின்றாள். அதுவரை எலியைப் பிடிப்பதிலும் ஊசி போடுவதிலும் ஐவரில் அவள் கைதான் நல்ல கை. பயப்படுகிறாள் என்று நினைத்து, மற்றவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"பயமா இல்லக்கா" என்றாள். "நான் விரதத்துல இருக்கேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில பால்குடம் எடுக்கிறேன். நாப்பத்தெட்டு நாள். இப்ப எப்படிக்கா ஒரு உசுர எடுக்கிறது?"

கேன்டீனில் அவள் ஏன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. "என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"இந்த எடம் கெடைக்கணும்னுதான். கெடைச்சா எம்மவ பால்குடம் எடுப்பான்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இடம் கிடைத்ததற்காக விரதம், அந்த விரதத்தால் இடம் போகப் போகிறது. அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. தைப்பூசம் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வந்தது, தாள் கொடுக்க வேண்டியது ஜனவரிக்குள்.

"ப்ரொபசர்கிட்ட போயி கேட்டுடறேன்க்கா" என்றாள். "ரெண்டு வாரம் தள்ளிக் குடுங்கன்னு. தைப்பூசம் முடிஞ்ச மறுநாளே செஞ்சு காட்டிடறேன்."

அவள் சொன்னது நேரான வழி. என் ஒன்பது பக்கத்தில் முதல் பக்கத்தில் நான் அச்சடித்துக் கொடுத்த வழி. நான்தான் குறுக்கே நின்றேன்.

"கேக்காத" என்றேன். "போன வருஷம் நம்ம ஆளு ஒருத்தன், அக்கா கல்யாணம்னு ரெண்டு வாரம் போனான். திரும்பி வந்து பாத்தா லிஸ்ட்ல பேரு இல்ல. அப்ப டீ ரூம்ல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? இவங்களுக்கு எப்பப் பாத்தாலும் கல்யாணம், சாவு, கோயில், ஏதாவது ஒண்ணு இருக்கும் லா. என் காதாலயே கேட்டேன். இப்ப நீ போயி நின்னா அதே பேச்சுதான் வரும்."

"அப்ப என்னதான்க்கா பண்றது?"

"நான் சைன் பண்ணிடறேன். தைப்பூசம் முடிஞ்சதும் நானே ஒனக்குச் சொல்லித் தரேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் உடனே தலையாட்டவில்லை. கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். "செய்யாததுக்கு சைன் வேணாம்க்கா. நான் கேட்டே பாத்துடறேனே. மாட்டேன்னாவா சொல்லப் போறாரு?"

"சும்மா இரு லா. இந்த இடம் எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மூன்று வருஷம் அங்கே இருப்பவளிடம் நான்கு நாள் ஆனவள் என்ன பேசுவாள்? ஐந்தாவது வேலைக்கு நேராக 'செய்து காட்டினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் என் கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

தைப்பூசத்தன்று நானும் பத்துமலைக்குப் போனேன். வழக்கமாக எங்கள் குடும்பம் அந்தக் கூட்டத்துக்குப் போகாது, பிரிக்பீல்ட்ஸ் கோயிலோடு சரி. அவள் கூப்பிட்டாள் என்று போனேன். மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு, வெயிலில் படிக்கட்டு முழுவதும் ஏறினாள். கீழே இறங்கியதும் அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் எம்மவ சொன்னா. நீங்க மட்டும் இல்லன்னா இந்த வேண்டுதலும் நடந்திருக்காது, படிப்பும் நெலச்சிருக்காதும்மா" என்றார். வாழையிலைப் பொட்டலத்தில் தயிர்ச் சாதம் கொடுத்தார், மடியில் கட்டி வைத்திருந்த விபூதியை என் நெற்றியில் தானே பூசிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னைப் பற்றி நானே நல்ல விதமாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரமே அவள் வந்து நின்றாள். "அக்கா, இப்ப கத்துக் குடுங்க."

அந்த வாரம் எனக்கு ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் வந்தாள். அந்த வாரம் குளிர்பெட்டி பழுதாகி என் மாதிரிகள் பாதி கெட்டுப்போயிருந்தன, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கதவருகே வந்து தொண்டையைச் செருமினாள். "நான் என்ன எங்கயாச்சும் ஓடியா போயிடப் போறேன்? சொல்லித் தரேன்னா சொல்லித் தருவேன்" என்று எரிந்து விழுந்தேன். "சரிக்கா" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததை, அவசரமில்லை போலிருக்கிறது என்று எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். உண்மையில், அலுவலகத்தில் இருந்த தாளின்படி அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று இனி அவள் வேறு யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் என்னைக் காட்டிக் கொடுத்ததாகும். நான் அவள் வாயைத்தான் அடைத்திருந்தேன்.

ஏப்ரலில் அவளுக்கு முதல் சோதனை. அவளை வழிநடத்தியவரும் பேராசிரியர்தான். பன்னிரண்டு எலிகள், காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருந்தார். நான் அன்று நூலகத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவர் எலிக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட மலாய்க்காரப் பெரியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'பாக்சிக்', அதாவது மாமா. எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் அவர் வேலை. எலிகளிடம் அவர் காட்டும் மரியாதை எங்களிடம் காட்டியதில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். அந்தப் பெண் வெகுநேரம் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு முதல் எலியை எடுத்தாள். கம்பியை வைத்த இடம் தப்பு, இழுத்த வேகம் போதவில்லை. எலி சாகவில்லை. பின்கால்கள் இழுத்துப்போய், கத்திக்கொண்டு மேசையில் சுற்றியது. அவள் மறுபடியும் பிடிக்கப் போனாள், கை வழுக்கியது, மறுபடியும் போனாள். சத்தம் கேட்டு பாக்சிக் ஓடிவந்து, அவள் கையிலிருந்து கம்பியை வாங்கி முடித்து வைத்தார். மற்ற பதினொன்றையும் கூண்டோடு திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கசியான்" என்றார் என்னிடம். மலாயில் பாவம் என்பதற்குச் சொல்லும் சொல். எலிக்கா, அவளுக்கா என்று நான் கேட்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு இந்த வேலை தெரியாது. தெரியும் என்று தாளில் யார் எழுதியது?" என்று மட்டும் கேட்டார். யார் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் பேராசிரியரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அன்று பத்து மணிக்கு இருவரையும் பேராசிரியர் கூப்பிட்டார். ரமலான் நோன்பு மாதம். எப்போதும் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை இல்லை, அவர் உதடு காய்ந்திருந்தது. பயிற்சித் தாளை எங்கள் முன்னால் வைத்தார். பெரிதாக விழுந்த என் கையெழுத்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே தெரிந்தது.

நான் விரதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜனவரி கெடுவைப் பற்றிச் சொன்னேன். பிறகு சொல்லித் தருவதாக இருந்தேன், நேரம் கிடைக்கவில்லை என்றேன். பேராசிரியர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். ஆங்கிலத்தில், குரல் உயர்த்தாமல் பேசினார்.

"இன்று விடியற்காலையிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. விரதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் மார்ச் வரைக்கும் தள்ளிப் போட்டிருப்பேன். போன வருஷம் போனானே ஒருவன், அவன் கேட்கவே இல்லை, சொல்லாமல் காணாமல் போனான். நீ ஏன் வந்து கேட்கவில்லை?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பயமாக இருந்தது சார்" என்றாள்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் தொண்டை எனக்கு. அது அந்த நிமிஷம் திறக்கவில்லை. அவள் கேட்க வந்தாள் சார், இரண்டு முறை சொன்னாள், நான்தான் தடுத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆய்வேடு, அவருடைய பரிந்துரைக் கடிதம், நல்லவள் என்று வாங்கி வைத்திருந்த பெயர், எல்லாம் கண் முன்னால் வந்தன. நான் கோழையாக நின்றேன். வேறு அழகான சொல் இதற்கு இல்லை.

பேராசிரியர் ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். அது அவளுடைய கோப்புக்குப் போகும் எச்சரிக்கைக் கடிதம். சிக்கலை மறைத்தார், இன்னொரு முறை இப்படி நடந்தால் பதிவு ரத்து. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இரக்கம் அதிகம்" என்றார். "இரக்கப்படு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. இந்த வாரத்துக்குள் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடு. புதுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா."

இரக்கம் அதிகம் என்ற அந்த வார்த்தையையும் நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னால் அம்மா என் பக்கம் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார்.

"அவள் போய்க் கேக்கிறன் எண்டு சொன்னவள்தானே. நீ ஏன் மறிச்சனீ?"

"எங்கட ஆக்களைப் பற்றி எல்லாரும் கதைப்பினம் எண்டுதான், அம்மா."

"கதைக்கட்டும். உன்ர மானத்துக்கு அந்தப் பிள்ளையின்ர படிப்போ? இண்டைக்கு அவர் கேக்கேக்கையும் நீ வாய் திறக்கேல்லை."

அம்மா மறுபடியும் கீரையில் இறங்கிவிட்டார்.

மறுநாள் மதியம் எலிக்கூடத்துக்குப் போனோம், நானும் அவளும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். அவள் பயிற்சியைப் பற்றி மட்டும்தான் பேசினாள். கம்பியை எங்கே வைக்க வேண்டும், பெருவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் சாக்குத்துணியைச் சுருட்டி அதில் பழக்கினேன். பிறகு பாக்சிக் ஐந்து எலிகளைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

முதல் எலிக்கு அவள் கை மேல் என் கையை வைத்து அழுத்தினேன். சரியாக ஒரு நொடி. இரண்டாவதை அவளே செய்தாள். மூன்றாவதும் நான்காவதும் எந்தப் பிசகும் இல்லை. நான் சொன்னேனே, ஐவரில் அவளுடையதுதான் நல்ல கை. பிப்ரவரியில் ஒரு மதியம் போதுமாயிருந்தது. ஐந்தாவது முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் புதுத் தாளை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தேன்.

"நீங்க வேணாம்க்கா" என்றாள்.

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "நான் போயி ப்ரொபசரையே போடச் சொல்றேன்" என்று சொல்லி, தாளை என் கைக்கு அடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள். பாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது, கூண்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அவள் பின்னாலேயே நானும் போனேன். அவள் கதவைத் தட்டி, உள்ளே போய், கேட்டாள். ஜனவரியில் கேட்டிருக்க வேண்டிய அதே அறை. "சார், நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்" என்றாள். பேராசிரியர் அவளைப் பார்த்தார், கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். "ஏன், இவள் பார்க்கவில்லையா?" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. நேற்றைப் போலவே என்னைக் காப்பாற்றப் போகிறாள் என்று தெரிந்தது. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அவள் ஜனவரியிலேயே உங்களிடம் வருவதாகச் சொன்னாள்" என்றேன். "இரண்டு முறை சொன்னாள். நான்தான் போகக் கூடாது என்று தடுத்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை."

அவர் எழுந்து அவளுடைய கோப்பை எடுத்தார், கடிதத்தை உருவினார், நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். உட்கார்ந்து அதே வரிகளை மறுபடியும் எழுதினார். பெயர் மட்டும் மாறியது. அதை என் கோப்பில் வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

"சரி, கையெழுத்துப் போடுகிறேன்" என்று அவளிடம் சொன்னார். "ஆனால் இன்று நீ செய்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குப் போட மாட்டேன். என் முன்னால் செய்து காட்டு."

"இன்னும் அஞ்சா சார்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தாளில் ஐந்து என்றுதான் இருக்கிறது."

எலிக்கூடத்தில் பாக்சிக் இன்னொரு கூண்டை எடுத்துக் கொடுத்தார். நான்தான் அதைச் சுமந்துகொண்டு வந்தேன். உள்ளே ஐந்தும் உமித்தூளைக் கிளறிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டு வந்தன. பேராசிரியர் நின்றுகொண்டு பார்த்தார். அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். மூன்றாவதில் அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்தது, கை பிசகவில்லை. ஐந்தாவது முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டார். அவளுடைய இடம் நிலைத்தது.

ஓர் உயிரையும் கொல்லக் கூடாது என்று விரதம் இருந்தவள் அவள். நான் செய்த உதவியில் ஓர் எலி துடிதுடித்துச் செத்தது, ஐந்து எலிகள் தேவையே இல்லாமல் செத்தன.